பரிணாமக் கொள்கையும் தமிழ்ச் செவ்விலக்கியமும்

உயிர்களை வகுத்துப் பார்த்த பழந்தமிழ் மரபு டார்வினுக்குப் பிந்தைய அறிவியலை எதிர்கொண்ட வரலாற்றையும், அதையொட்டிப் பிறப்பு, சாதி, சமூக வளர்ச்சி பற்றி எழுந்த வாதங்களையும் இத்தலைப்பு குறிக்கும். சார்லஸ் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859-இல் வெளிவந்தது. அடுத்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவர் பேசிய இயற்கை ஒரு தமிழ் நாடகத்துக்குள் வந்துவிட்டது. அதற்கு ஆயிரம், ஈராயிரம் ஆண்டு முந்திய பாடல்களிலேயே பரிணாமம் இருக்கிறது என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் காட்டும் சான்றுகளில் பெரும்பாலும் இருப்பது பரிணாமம் அன்று, ஏணி.

அறிவின் அடுக்கு

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலான மரபியல் உயிர்களை ஆறாகப் பிரிக்கிறது. புல்லும் மரமும் தொடுஉணர்வு மட்டும் உடைய ஓரறிவு உயிர்கள். நத்தையும் சிப்பி வகையும் ஈரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு, விலங்குகள் ஐயறிவு. மனமும் சேர்ந்த மக்கள் ஆறறிவு. சமண நூல்களும் இப்படியே புலன்களை எண்ணி உயிர்களைப் பிரிக்கின்றன. கூர்ந்த கவனிப்புதான், ஆனால் இதில் எதுவும் எதுவாகவும் மாறுவதில்லை. கறையான் என்றும் கறையானே.

இதே இயலில்தான் அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்ற நால்வருக்கும் உரிய அடையாளங்களை வகுக்கும் நூற்பாக்களும் வருகின்றன. அவை பிற்கால இடைச்செருகல் என்பது தமிழறிஞர் பலரின் கருத்து. செருகியவர் யாராயினும் இடம் அறிந்தே செருகியிருக்கிறார். புல்லையும் நண்டையும் அடுக்கி முடித்த கை, மனிதரையும் அடுக்கத் தொடங்குவது வாசிப்பவருக்கு உறுத்துவதில்லை.

மாணிக்கவாசகரின் சிவபுராணம் இந்த ஏணியில் உயிரை நடமாடவிடுகிறது. புல், பூடு, புழு முதல் தேவர் வரை எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்த உயிரின் முறையீடு அது. டார்வினுக்கு முன்பே பரிணாமம் சொல்லப்பட்டதற்குச் சான்றாக மேடைகளில் அதிகம் எடுத்தாளப்படுவது இப்பகுதிதான். ஆனால் அந்த வரிசையில் புழுவுக்குப் பின் மரமும், பாம்புக்குப் பின் கல்லும் வருகின்றன. அங்கே மாறுவது உயிர் குடியேறும் உடல். இனம் மாறுவதாக அவர் சொல்லவே இல்லை.

ஏணியை உதறும் குரல் மணிமேகலையில் கேட்கிறது. வேள்விப் பசுவைக் காப்பாற்றிய ஆபுத்திரனை, பசுவின் மகன் என்று அந்தணர்கள் இழிக்கிறார்கள். பசுவுக்கும் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்தவர்களாகச் சொல்லப்படும் முனிவர்களைப் பெயர்சொல்லிக் காட்டி, அவர்களை உங்கள் குலத்தார் என்று ஏற்கவில்லையா என்று கேட்கிறான் அவன். விலங்கின் வழிவந்தவன் என்பது வசையாக இருந்த இடத்திலேயே அது வாதமாகவும் மாறுகிறது. அதே காப்பியத்தில் வரும் பூதவாதி என்ற பொருள்முதல்வாதி, பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்து கள்ளின் களிப்பு பிறப்பதுபோலப் பூதங்களின் சேர்க்கையில் உணர்வு பிறக்கிறது என்கிறான். மணிமேகலை அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். காப்பியத்தை இயற்றிய சாத்தனார் பௌத்தர் அல்லவா!

வில்லிபுத்தூரின் பத்து அவதாரம்

மீன், ஆமை, பன்றி, சிங்கம், குறள் எனத் தொடங்கிக் கல்கி வரையிலான பத்து அவதாரங்களையும் ஒரே பாசுரத்தில் வரிசைப்படுத்தியவர் திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார். திருவரங்கத்தைப் பாடும் பாசுரம் அது. இவ்வரிசையை நீரிலிருந்து நிலத்துக்கு வந்த உயிர்களின் கதையாக வாசிக்கும் பழக்கம் 19-ஆம் நூற்றாண்டுக்குரியது. ஹெலெனா பிளாவட்ஸ்கி 1877-இலும், வங்காளத்துக் கேசவ சந்திர சென் 1882-இலும் அப்படி எழுதினார்கள். பிளாவட்ஸ்கியின் பிரம்ம ஞான சபை சென்னை அடையாற்றுக்கு வந்ததும் 1882-இல்தான். கவர்ச்சியான வாசிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஆமை மீனின் சந்ததி என்று ஆழ்வார் சொல்லவில்லை. ஒருவனே வேண்டிய உருவில் வருகிறான் என்பதே அவர் சொன்னது.

டார்வின் தம் வாதத்தைத் தொடங்கியது வேறிடத்தில். ‘தோற்றம்’ நூலின் முதல் இயல் வளர்ப்பு உயிர்களைப் பற்றியது. அதற்காக லண்டன் புறா வளர்ப்போரின் கழகங்களில் சேர்ந்து பழகினார். பெரியாழ்வாரின் ஊருக்குப் பக்கத்திலேயே அந்த இயலுக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு உண்டு. பன்றி வேட்டைக்கென வளர்க்கப்பட்ட இராஜபாளையம் நாயில் பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் தலைமுறை தலைமுறையாக மனிதர் தேர்ந்து நிலைநிறுத்தியவை. அந்த வெள்ளையோடு சில குட்டிகளுக்குச் செவிட்டுத் தன்மையும் சேர்ந்து வந்தது. ஒன்றைத் தேர்ந்தால் தேராத இன்னொன்றும் கூடவே வரும் என்று டார்வின் அந்த இயலில் எழுதியிருக்கிறார். இந்நாய்க்கு இந்திய அஞ்சல்துறை 2005-இல் தபால்தலை வெளியிட்டது.

மனோன்மணீயத்தின் மண்புழு

திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) 1891-இல் மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்டார். கதைக்கரு லிட்டன் பிரபு எழுதிய ஆங்கிலக் கவிதை ஒன்றிலிருந்து வந்தது. அந்த மூலத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு, இடையில் வரும் நடராசன் என்ற பாத்திரத்தின் தனிமொழியை அறிவியல் வரலாற்றோடு சேர்த்துப் பேசியவர்கள் குறைவு. வாய்க்கால் ஓரத்தில் நிற்கும் அவன் கண்ணில் முதலில் ஒரு புல் படுகிறது. அதன் பூ ஈக்களை அழைத்து விருந்திட்டு மகரந்தத்தைப் பரப்பச் செய்கிறது; காய்த்தபின், வழிப்போக்கரின் துணியில் மாட்டிக்கொள்ளக் கொக்கி கொடுத்து விதைகளை வேற்றிடம் அனுப்புகிறது. பிறகு நாங்கூழ்ப் புழு, அதாவது மண்புழு. மண்ணை உண்டு, நயமான சேறாக உருட்டி வெளியே தள்ளி, புகழ் வேண்டாதவர்போலத் தன் வளையின் வாயையும் ஓர் உருண்டையால் மூடிக்கொள்கிறது. உழுவோருக்கெல்லாம் அரசு என்று அதை அழைக்கிறான் நடராசன்.

மண்புழுக்கள் மண்ணை உண்டு மேலே கொணர்ந்து நிலத்தை ஓயாமல் உழுகின்றன என்பதுதான் டார்வின் 1881-இல் வெளியிட்ட கடைசி நூலின் மையக்கருத்து. புழுக்கள் வளைவாயை அடைக்கும் விதத்தையும் அதில் நெடுக ஆராய்ந்திருக்கிறார். பத்தாண்டு இடைவெளியில் இரண்டு எழுத்தும் இவ்வளவு நெருங்கி வருவது தற்செயல் என்று கொள்வது கடினம். நாடகத்தின் அரசன் சீவகனோ அமைச்சன் குடிலனின் சூழ்ச்சியை அறியாமல் அரண்மனைக்குள் ஏமாந்துகொண்டிருக்கிறான். அப்படிப்பட்ட நாடகத்தில் வேந்தன் என்ற பட்டம் புழுவுக்குப் போகிறது. மரபியலின் அடுக்கு இங்கே கலைந்துவிடுகிறது. சுந்தரம் பிள்ளை இறைப்பற்று உடையவர். புழுவிலும் புல்லிலும் அவர் கண்டது அன்பின் ஒழுங்கு. டார்வினின் போட்டி அவர் நாடகத்தில் இல்லை.

பிறப்பும் பகுத்தறிவும்

‘தகுதியுள்ளது தப்பிப் பிழைக்கும்’ என்ற கருத்துக்கு 1864-இல் சொல்வடிவம் தந்தவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். ஐரோப்பாவில் அதைக்கொண்டு வறுமையையும் அடிமைநாடுகளையும் நியாயப்படுத்தினார்கள். தமிழ்நாட்டில் அதே அறிவியல் எதிர்த்திசையில் பயன்பட்டது. ம. சிங்காரவேலர் (1860–1946) சுயமரியாதை இயக்கத்தின் ‘குடி அரசு’ இதழிலும், 1935-இல் தாமே தொடங்கிய ‘புது உலகம்’ இதழிலும் உயிர்த்தோற்றம், பிரபஞ்சம் பற்றித் தொடர்ந்து எழுதினார். மனித இனம் முழுவதும் ஒரே மூதாதையின் வழி வந்தது என்றால் பிரமனின் முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற கதைக்கு இடமில்லை. ஆபுத்திரன் புராணத்தைக் காட்டி வாதிட்டதைச் சுயமரியாதை இயக்கத்தார் உயிரியலைக் காட்டி வாதிட்டார்கள்.

திணையும் படிநிலையும்

பரிணாமம் சங்க இலக்கிய ஆய்வுக்குள் நுழைந்தபோது ஏணியும் கூடவே வந்தது. பி. டி. சீனிவாச ஐயங்கார் 1929-இல் வெளியிட்ட ‘தமிழர் வரலாறு’ சங்கப் பாடல்களின் நிலவகைகளான ஐந்திணைகளை மனித வளர்ச்சியின் கட்டங்களாக வாசித்தது: குறிஞ்சியின் வேடன் முல்லையின் ஆயனாகி, மருதத்தின் உழவனானான். மார்கன், எங்கெல்ஸ் வழிவந்த சமூகப் படிநிலைக் கொள்கை ராகுல் சாங்கிருத்யாயனின் ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ நூலைக் கண. முத்தையா தமிழாக்கியதன் வழியாகப் பொதுவாசகரையும் எட்டியது.

இந்த நேர்க்கோட்டைக் கேள்விக்கு உட்படுத்தியவர் யாழ்ப்பாணத்துக் கார்த்திகேசு சிவத்தம்பி. 1974-இல் வெளிவந்த கட்டுரையில், திணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலங்கள் அல்ல, ஒரே காலத்தில் அருகருகே நிலவிய சமனற்ற வளர்ச்சிநிலைகள் என்றார். அவர் சொன்னதை இராஜபாளையம் வட்டத்துச் சோழபுரம் பக்கம் இன்றும் காணலாம். மேற்கே மலைத்தொடர்; திருவில்லிபுத்தூர்ப் பகுதி மலையடிவாரத்தில் தேனும் கிழங்கும் எடுத்துப் பழகிய பளியர் குடியிருப்புகள். இறங்கினால் ஆடுமாடு மேயும் காடு, கண்மாய்ப் பாசன நெல்வயல், தென்னந்தோப்பு. கிழக்கே பருத்தி விளைந்த கரிசல், 1936-இல் தொடங்கிய இராஜபாளையம் மில், மருத்துவத் துணி நெய்யும் சத்திரப்பட்டித் தறிகள். மலையில் தேன் எடுப்பவர் ஆலைத் தொழிலாளியின் கடந்தகாலம் அல்லர். இருவரும் வருவது ஒரே சந்தைக்கு. அங்கே யார் பொருளுக்கு என்ன விலை என்பதை நிர்ணயிப்பவர் இருவரும் அல்லாத மூன்றாமவர்.