குவரிக்குள் ஒரு சுவர்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஸ்டோர்டு ப்ரொசீஜரின் குவரி ஒன்றில் ஒரு ஃபங்ஷனைச் சேர்த்ததும் வேகம் படுத்துவிடுகிறது. சில வேளை விடையே மாறிவிடுகிறது. புரோகிராமரின் கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ஒத்துவராத இரண்டு மரபுகளை ஒரே மொழிக்குள் குடிவைத்து, நடுவே சுவரையும் எழுப்பியவர்கள் டேட்டாபேஸைக் கட்டியவர்கள்தாம்.

என்ன வேண்டும் என்பதை மட்டும் பயனர் சொன்னால் போதும், எப்படி எடுப்பது என்பது இயந்திரத்தின் பாடு. 1970-இல் ஐபிஎம்மின் எட்கர் காட் முன்வைத்த ரிலேஷனல் மாதிரியிலிருந்து வளர்ந்த மரபு இது. எந்த இண்டெக்ஸ், எந்த டேபிள் முதலில் என்பதையெல்லாம் செலவுக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை 1979-இல் பாட்ரிஷியா செலிங்கர் குழு விளக்கியது. குவரி முழுவதும் இப்படித் தேர்ந்தெடுக்கும் ஆப்டிமைசரின் கண்ணில் பட்டால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். அடுத்த பத்தாண்டில் கிளையன்ட்-சர்வர் காலம் வந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் நெட்வொர்க்கைக் கடந்து போய்வருவது கட்டுப்படியாகாததால் சைபேஸ், பிறகு 1992-இல் ஆரக்கிள் 7, நிரலையே ஸ்டோர்டு ப்ரொசீஜராகச் சர்வருக்குள் கொண்டுபோய் வைத்தன. மாறிகள், இஃப், லூப் என எல்லாம் படிப்படியாக நடக்கும் உலகம் அது. ப்ரொசீஜர் குவரிகளை ஒவ்வொன்றாக அழைக்கும்வரை பெரிய சிக்கலில்லை. ஒவ்வொரு குவரியும் தன்னளவில் முழுசாகவே இருந்தது. படிப்படி நிரல் ஃபங்ஷன் வடிவில் குவரியின் வயிற்றுக்குள்ளேயே போனபோதுதான் வம்பு தொடங்கியது.

மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் 2000 இதற்குத் தெளிவான சாட்சி. பொருளின் வரிவிகிதத்தை ஒரு டேபிளிலிருந்து எடுத்துத் தரும் ஃபங்ஷனை லட்சம் வரிசைகள் கொண்ட குவரியில் வைத்தால், அது லட்சம் முறை தனித்தனியாக ஓடும். ஜாயினாக எழுதியிருந்தால் ஒரே மூச்சில் முடிந்திருக்கும். போதாக்குறைக்கு அந்தக் குவரி பல பிராசஸர்களில் பிரிந்து ஓடவும் முடியாது. இதைவிட மோசம், எக்ஸிக்யூஷன் பிளானில் ஃபங்ஷனின் செலவு ஏறக்குறைய பூஜ்யம் என்று காட்டப்பட்டது; வாசிப்புகளை எண்ணிக் காட்டும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஐஓ போட்டுப் பார்த்தாலும் உள்ளே நடந்த வாசிப்புகள் கணக்கில் வராது. கணக்குப் புத்தகத்திலேயே எழுதாத செலவை யார் கண்டுபிடிப்பது?

சரி, குவரிக்குள் ஃபங்ஷனே வேண்டாமே என்பார்கள். வேகம் ஒன்றே குறியென்றால் அது நியாயம்தான். ஆனால் வரிவிதி மாறும்போது நாற்பது ப்ரொசீஜர்களைத் திருத்தாமல் ஓரிடத்தில் திருத்தவே ஃபங்ஷன் வந்தது. அந்த வசதியைச் சொல்லி விற்றுவிட்டு, பயன்படுத்தியவரைக் குறை சொல்வது முறையில்லை. தவிர, பாதிப்பு வேகத்தோடு நிற்பதுமில்லை. ஆரக்கிளில் ஒரு குவரி தான் தொடங்கிய நொடியின் தரவையே கடைசிவரை பார்க்கும். ஆனால் அது அழைக்கும் ஃபங்ஷனுக்குள் இருக்கும் குவரிக்கு வழக்கமான அமைப்பில் அந்தக் கட்டுப்பாடில்லை. அது ஓடும் நொடியில் கமிட் ஆகியிருப்பதையே பார்க்கும். நடுவில் யாரேனும் தரவை மாற்றினால் ஒரே விடையில் இரண்டு காலங்கள் கலந்துவிடும். போஸ்ட்கிரெஸ் 2002-இல் 7.3 பதிப்பில் வேறு வழி பார்த்தது: ஃபங்ஷனின் விடை எப்போது வேண்டுமானாலும் மாறுமா (வாலட்டைல்), ஒரு குவரிக்குள் மாறாதா (ஸ்டேபிள்), எப்போதுமே மாறாதா (இம்மியூட்டபிள்) என்று எழுதுபவரே அறிவிக்க வேண்டும். நேர்மையான ஏற்பாடு, ஆனால் பொய் அறிவிப்பையும் போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் நம்பிவிடும்.

2019-இல்தான் எல்லாம் தீர்ந்துவிட்டதே என்பது கனமான ஆட்சேபம். ஃபங்ஷனைப் பிரித்து குவரியோடு கரைத்துவிட முடியும் என்பதை ஐஐடி பம்பாய் ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். அதே திசையில் மைக்ரோசாஃப்டின் கிரே சிஸ்டம்ஸ் லேப் உருவாக்கிய ஃப்ராய்ட் என்ற உத்தி, எஸ்கியூஎல் சர்வர் 2019-இல் இன்லைனிங் என்ற பெயரில் வந்தது. மெச்சத்தக்க வேலை, சந்தேகமில்லை. ஆனால் அது சுவரில் வாசல் திறந்ததே தவிர சுவரை இடிக்கவில்லை. வெளிவந்த பிறகு தவறான விடைகள் தலைகாட்டவே, அடுத்தடுத்த திருத்தங்களில், கரைக்கக்கூடாத ஃபங்ஷன்களின் விலக்குப் பட்டியல் நீண்டது. கெட்டேட் கதையே போதும்: நேரத்தைச் சொல்லும் இந்தக் கட்டளையை ஃபங்ஷனுக்குள் எழுத 2000 பதிப்பு தடைவிதித்தது, 2005 அனுமதித்தது. இன்லைனிங் வந்தபோது அதைப் பயன்படுத்தும் ஃபங்ஷன்கள் மறுபடி வெளியே நிறுத்தப்பட்டன. அவை பழையபடி தனியாகவே ஓடுகின்றன.