கண்டது கருவியா, கண்ணா?

நிழற்படத்தை ஆக்குவது கருவியா, அதனைப் பிடித்திருக்கும் மனிதரா? இன்று விளையாட்டாகத் தோன்றும் இக்கேள்வி 1862ஆம் ஆண்டில் பாரிசு நகரில் வழக்காகவே எழுந்தது. மேயர், பியர்சன் என்னும் படப்பிடிப்பாளர்கள், தாங்கள் விற்றுவந்த கவூர் பிரபு, பாமர்ஸ்டன் பிரபு ஆகியோரின் படங்களைப் பிறர் நகலெடுத்து விற்பதாக முறையிட்டனர். அவர்கள் நாடிய 1793ஆம் ஆண்டுச் சட்டமோ கலைப்படைப்புகளுக்கே காவல் தந்தது. ஆகவே, நிழற்படம் கலைதானா என்பதை நீதிபதிகள் முதலில் தீர்க்க வேண்டியதாயிற்று. முதல் தீர்ப்பு அவர்களைக் கைவிட்டது. மேல்முறையீட்டிலோ, எடுப்பவரின் சிந்தனையும் சுவையுணர்வும் படத்தில் பதியக்கூடும் என ஏற்கப்பட்டது. புகழ்பெற்ற ஓவியர் ஆங்ர் உள்ளிட்டோர் வெகுண்டு எதிர்ப்பறிக்கை விடுத்தனர்.

சட்டம் ஏற்றது, ஆனால் கலையுலகின் கதவு திறக்கவில்லை. மதிப்பு வேண்டிய படப்பிடிப்பாளர் பலர், ஓவியத்தின் உடையை இரவல் வாங்கினர். காட்சியை மங்கலாக்கினர், அச்சிட்ட தாளில் தூரிகைத் தடம் தெரியச் செய்தனர். தன் முகத்தை மறைத்துக்கொண்டு விருந்துக்குச் சென்றவரின் நிலை இது என்றே நமக்குத் தோன்றுகிறது.

நியூயார்க்கின் ஆல்பிரட் ஸ்டீக்லிட்சும் அவ்வழியில் நடந்தவரே. 1903இல் 'காமிரா ஒர்க்' என்னும் இதழைத் தொடங்கி, 1905இல் ஐந்தாம் அவென்யூவில் சிறு காட்சிக்கூடமும் திறந்தார். 1907இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது, முதல் வகுப்பின் பகட்டு அவருக்குச் சலித்தது. மேல்தளத்தின் விளிம்பில் நின்று கீழே நோக்கினார்: வெண்ணிற நடைபாலம், வைக்கோல் தொப்பி, சால்வை போர்த்த பெண்கள், குழந்தைகள், கடைவகுப்பின் நெரிசல். அறைக்கு ஓடிக் கருவியை எடுத்து வந்தாராம். கைவசம் இருந்ததோ ஒரே தகடு! அமெரிக்காவில் குடியேற வருவோரின் படம் என இதனைப் பலர் கருதுவர். உண்மையில் அக்கப்பல் அமெரிக்காவை விட்டு நீங்கிக்கொண்டிருந்தது. எவ்வகை ஒப்பனையும் இல்லாத இப்படம் ஓவியத்துக்குக் கடன்படவில்லை.

'காமிரா ஒர்க்' 1917இல் நின்றபோது சந்தாதாரர் நாற்பதின்மர்கூட இல்லை. அவ்விறுதி இதழை அவர் பால் ஸ்ட்ராண்ட் என்னும் இளைஞரின் படங்களுக்கே ஒதுக்கினார். 1924இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் ஸ்டீக்லிட்சின் 27 படங்களை ஏற்றது. 1940இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் நிழற்படத்துக்கெனத் தனித்துறை கண்டது.

ஆயினும் நம் மனம் ஸ்ட்ராண்ட் 1916இல் எடுத்த ஒரு படத்தருகே நின்றுவிடுகிறது. நியூயார்க் தெருவில் ஒரு பெண்மணி. கழுத்தில் தொங்கும் அட்டையில் 'பார்வையற்றவர்' என்னும் ஒற்றைச்சொல். அந்நாளில் ஸ்ட்ராண்ட், வேறு திசை நோக்கும் பொய்யான கண்ணாடிவில்லை ஒன்றைக் கருவியில் பொருத்தி, எதிரில் இருப்போர் அறியாவண்ணம் படமெடுத்துவந்தார். இப்பெண்மணியின்முன் அந்தச் சூதுக்குத் தேவையே இருந்திராது. அப்படம் இன்று பெரும் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. அதில் உள்ளவரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.