குளிர்நகரப் பொதுவெளி வடிவமைப்பு

பனிக்காலம் நீண்ட ஊர்களில் சதுக்கம், கடைத்தெரு, பூங்கா, நடைபாதை ஆகியவற்றை ஆண்டு முழுவதும் மக்கள் வெளியில் நிற்கவும் உட்காரவும் ஏற்றபடி அமைக்கும் நகரமைப்புப் பிரிவு. இதற்கு முதல் பகை காற்று, குளிர் அடுத்தபடிதான். வெப்பமானி −10 பாகை காட்டும் நாளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வாடை வீசினால், மூடாத முகத்துக்கு அது ஏறக்குறைய −20 பாகைக் குளிர். காற்றை மறைத்து வெயிலை விழவைத்தால் அதே இடத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கலாம்.

ஸ்வீடனின் கிருனா, ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இரும்புச் சுரங்கத்தை நம்பி எழுந்த ஊர். பேர் ஊலோஃப் ஹால்மன் 1900இல் வகுத்த திட்டம் அதை ஹவுகவாரா குன்றின் தென்மேற்குச் சரிவில் வைத்தது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். மேலே குடியிருப்போருக்கு அந்தத் தொல்லை குறைவு. தெருக்களை நூல் பிடித்தாற்போல் போடாமல் நிலத்தின் போக்கிலேயே வளைத்தார்கள்; நேர்த்தெருவில் வேகமெடுக்கும் காற்று வளைவில் தடுமாறிவிடும். பின்னாளில் சுரங்கத்தால் நிலம் சரியத் தொடங்க, மூன்று கிலோமீட்டர் கிழக்கே கட்டிய புதிய மையம் 2022இல் திறக்கப்பட்டது. இதுவோ தாழ்ந்த நிலத்தில், நேரான தெருக்களோடு அமைந்தது. குளிர்காலத்தில் பழைய மையத்தைவிட இங்கே 10 பாகை வரை குளிர் கூடுதலாக இருக்கலாம் என்பது கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கணிப்பு. 1900இல் கணினி கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

இத்துறைக்குக் கோட்பாடு தந்தவர் ரால்ஃப் எர்ஸ்கின் (1914–2005). இங்கிலாந்தில் பிறந்து 1939இல் ஸ்வீடனில் குடியேறிய கட்டடக் கலைஞர். வடதுருவத்தை ஒட்டிய ஊர் எப்படி இருக்க வேண்டும் என்ற தம் கருத்தை 1959இல் நெதர்லாந்தின் ஓட்டர்லோவில் நடந்த கட்டடக் கலைஞர் மாநாட்டில் முன்வைத்தார்: காற்று வரும் பக்கம் நீண்ட கட்டடமே மதிலாக நிற்க, அதன் மறைவில் தெற்கு நோக்கிய தாழ்ந்த வீடுகள். கனடாவின் ரெசொல்யூட் பேயில் அவருடைய மதில் பாதியில் நின்றுபோனது. ஆனால் கியூபெக்கின் ஃபெர்மோன் சுரங்க ஊரில் நார்பர்ட் ஷோனவரும் மோரிஸ் தெனுவாயேயும் 1970களில் அதை முழுதாகக் கட்டினர். 1.3 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஒரே கட்டடத்துக்குள் குடியிருப்பு, பள்ளி, கடைகள், மதுக்கூடம் எல்லாம் உண்டு. வெளியே கால் வைக்காமலே குளிர்காலத்தைக் கழித்துவிடலாம்.

அதுதான் சிக்கலும். எர்ஸ்கின் தேடியது வெளியில் ஒரு மறைவிடம். அவருக்குப் பின் வந்த பலர் வெளியையே கைவிட்டார்கள். மினியாபொலிஸில் 1962இலும் கால்கரியில் 1970இலும் கட்டடங்களை மாடி உயரத்தில் இணைக்கும் மூடிய பாலங்கள் தொடங்கின. அலுவலகக்காரர்களுக்கு அவை வசதியே. தரைமட்டத்துத் தெருதான் வாடிக்கையாளரை இழந்தது.

எதிர்த்திசையில் போனது கோபன்ஹேகன். 1962இல் ஸ்ட்ரோயெட் கடைத்தெருவிலிருந்து வாகனங்களை விலக்கியபோது, வெளியில் உட்காருவது இத்தாலியர் வழக்கம், டேனியருக்கு ஒத்துவராது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. இன்று அந்நகரக் காப்பிக் கடைகளின் வாசல் நாற்காலிகளில் கம்பளிப் போர்வை மடித்துப் போட்டிருப்பது சாதாரணக் காட்சி. அந்நகரத் தெரு வாழ்வை ஆராய்ந்த யான் கேல் 1971இல் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படைப் பாடமாகிவிட்டது.

நடைபாதையையே சூடாக்குவதும் ஒரு வழி. ரெய்க்யவிக்கில் வீடுகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும் புவிவெப்ப நீர் நடைபாதைக்கு அடியில் ஓடிப் பனியை உருக்குகிறது. எட்மன்டன் 2012இல் குளிர்காலத்துக்கென்றே தனிக் கொள்கை வகுத்து, 2016இல் வடிவமைப்பு நெறிகளை வெளியிட்டது: காற்றைத் தடு, வெயிலை விடு, இருண்ட மாதங்களில் நிறமும் விளக்கும் சேர்.

வினிபெக்கின் போர்ட்டேஜ்–மெயின் சந்திப்பில் 1979இல் தடுப்புச் சுவர் எழுப்பி, நடப்பவர்களைச் சுரங்கப்பாதைக்குள் இறக்கினார்கள். மீண்டும் திறக்கலாமா என்று 2018இல் வாக்கெடுப்பு நடத்திக் கேட்டபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றனர். 2025 ஜூனில் அது திறக்கப்பட்டேவிட்டது. வாக்காளர் மனம் மாறியதால் அல்ல. சுரங்கப்பாதையின் கூரையில் நீர்க்கசிவைத் தடுக்கும் படலத்தைப் பழுதுபார்க்கும் செலவு நகராட்சிக்குக் கட்டுப்படியாகவில்லை.