விடைபெறும் சொல்

சிங்காரப்பேட்டையில் உர்தூ பேசும் நம்மவர் விடைபெறுகையில் ‘குதா ஹாஃபிஸ்’ என்பர். இறைவனே காப்பவன் என்று பொருள்படும் பாரசீகச் சொல் அது. ‘குதா’வா, ‘அல்லாஹ்’வா என்னும் சச்சரவு அண்மைக்காலத்தது, அதில் நாம் இறங்கவில்லை. தமிழ் பேசுவோர் ‘போய் வருகிறேன்’ என்பர். ‘போகிறேன்’ என்று மட்டும் சொல்ல நா கூசுகிறது. ஆனால், திரும்பி வருவது நம் கையிலா இருக்கிறது?

பயணம் புறப்படுபவரின் தீனையும் அமானிதத்தையும் இறுதிச் செயல்களையும் அல்லாஹ்விடம் ஒப்படைத்து விடைகொடுப்பது நபிவழி. இப்னு உமர் (ரழி) அறிவிப்பாக திர்மிதியில் இது பதிவாகியுள்ளது. ‘இறுதி’ என்ற சொல்லை முஆத் இப்னு ஜபல் (ரழி) நன்கறிவார்கள். யமனுக்கு அவர்களை அனுப்பியபோது, அவர்கள் வாகனத்தில் அமர்ந்திருக்க, நபி (ஸல்) அவர்கள் உடன் நடந்து வந்தார்கள். இவ்வாண்டுக்குப் பின் நம் சந்திப்பு நிகழாமல் போகலாம் என்றார்கள். முஆத் அழுதார்கள். ஹிஜ்ரி 11இல் (கி.பி. 632) நபியவர்கள் மறைந்தபோது, முஆத் யமனில்தான் இருந்தார்கள்.