விசிலுக்குக் கிளம்பிய ரயில்

1960 பிப்ரவரியில் டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஒரு கிடங்கு தீப்பிடித்தது. உள்ளே அடுக்கியிருந்தவை மரப் பொம்மைகள். கயிறு கட்டி இழுத்தால் அலகைத் திறந்து மூடிக்கொண்டே வரும் மர வாத்துக்குப் பேர்போன லெகோ நிறுவனத்தின் கிடங்கு அது. தீயும் அவர்களுக்குப் புதிதல்ல. 1924-ல் அதன் நிறுவனர், தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சனின் சின்னப் பிள்ளைகள் பட்டறையில் பசை காய்ச்சும் அடுப்பைப் பற்றவைக்கப்போய், நெருப்பு மரச்சீவலில் தாவி, பட்டறையோடு வீடும் எரிந்தது. 1942-ல் தொழிற்கூடமே சாம்பலானது. இரண்டு முறையும் மனிதர் சளைக்காமல் எழுப்பிக் கட்டினார். மூன்றாவது தீ வந்தபோது அவர் இல்லை. இரண்டு வருடம் முன்பே காலமாகியிருந்தார். முடிவெடுக்க வேண்டியவர் மகன் காட்ஃபிரட். அன்று அடுப்பில் கைவைத்த பிள்ளைகளில் ஒருவர்.

காட்ஃபிரட் எடுத்த முடிவு குடும்பத்தையே பிளந்தது. இனி மரம் வேண்டாம் என்றார். கூடவே உழைத்த சகோதரர்கள் இருவர் நிறுவனத்தை விட்டுப் போனார்கள். மிஞ்சியது ஒரே ஒரு சரக்கு: மேலே குமிழ், உள்ளே குழாய் வைத்த பிளாஸ்டிக் கட்டை. 1958 ஜனவரி 28, மதியம் 1.58 மணிக்குக் காப்புரிமைக்குப் பதிவான அந்தக் கட்டை, ஒன்றின்மேல் ஒன்று வைத்து அழுத்தினால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வீடு கட்டலாம், தேவாலயம் கட்டலாம், ஊரே கட்டலாம். ஆனால் கட்டிய ஊரின் வீதியில் ஓட்ட ஒரு வண்டி கட்ட வழியில்லை. தனியாக வார்த்த குட்டிக் கார்களை வாங்கி நிறுத்தத்தான் முடிந்தது. மர வாத்துக்கு இருந்த சக்கரம் லெகோ கட்டைக்கு இல்லை.

சக்கரம் 1962-ல் வந்தது. ரப்பர் டயர், நடுவில் உலோக ஊசி, அந்த ஊசி நுழையத் துளையிட்ட ஒரு கட்டை. அவ்வளவுதான். பார்க்க ஒன்றுமில்லாத இந்தச் சின்னப் பொருள்தான் பின்னாளில் உலகிலேயே எண்ணிக்கையில் அதிக டயர் செய்யும் நிறுவனம் என்று கின்னஸ் புத்தகத்தில் லெகோவை ஏற்றியது. அடுத்த வருடமே இன்னொரு மாற்றம். நாளாக ஆக வளைந்து நெளிந்துபோன செல்லுலோஸ் அசிடேட்டைக் கைவிட்டு, ஏபிஎஸ் என்ற உறுதியான பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். கட்டைகளின் பிடி இறுகியது. அதிர்வைத் தாங்கும் கட்டையும் உருளும் சக்கரமும் கைக்கு வந்துவிட்டன. தள்ளிவிட ஒரு கை மட்டும் எப்போதும் தேவைப்பட்டது.

அந்தக் கையின் வேலையை மோட்டாரிடம் கொடுத்தார்கள். 1960-களின் நடுவில் நாலரை வோல்ட் மோட்டார் ஒன்று வந்தது. 1966-ல் அதைக் கொண்டு நீலத் தண்டவாளமும் வெள்ளை ஸ்லீப்பருமாக முதல் மோட்டார் ரயிலை விட்டார்கள். பாட்டரிகளைத் தூக்கிக்கொண்டு ஒரு பெட்டி இன்ஜினோடு கூடவே ஓடியது. குழந்தை தன் கையால் கட்டிய ரயில், தானாகவே வளைவில் திரும்பி வந்தது. இந்தக் கதையின் பெரிய கணம் இதுதான் என்பது என் எண்ணம். கடையில் வாங்கிய பொம்மை ரயில் ஓடுவது அதுவரை யாருக்கும் அதிசயமில்லை. அன்று ஓடியதோ, பிரித்தால் வீடாகவும் கப்பலாகவும் மாறக்கூடிய ரயில். ஓடத் தொடங்கிய வண்டியை நிறுத்துவதில்தான் சிக்கல் வந்தது. சுவிட்ச் வண்டியிலேயே இருந்தது. ரயிலை நிறுத்த ரயிலின் பின்னால் ஓட வேண்டும்.

இரண்டே வருடத்தில் வந்த விடையை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. 1968-ல் வெளியான ‘எலெக்ட்ரானிக் ட்ரெயின்’ பெட்டிக்குள் ஒரு விசிலையும் வைத்து விற்றார்கள். வண்டியில் ஒலியை உணரும் மின்னணுக் கருவி இருந்தது. விசில் ஊதினால் ஓடும் ரயில் நின்றது; மறுபடி ஊதினால் கிளம்பியது. வயர் இல்லை, தொடவும் தேவையில்லை. அறையின் மூலையில் உட்கார்ந்து நிஜ கார்டைப்போல ஊதினால் போதும். கட்டைகளால் கட்டிய ஒரு வண்டி தூரத்திலிருந்து வந்த கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது அப்போதுதான். காற்றில் அனுப்பிய அந்தக் கட்டளை அடுத்த சில வருடங்களில் மறைந்தே போனது. ரயிலுக்கு மறுபடி அது காற்றில் வரக் கிட்டத்தட்ட நாற்பது வருடம் ஆனது.

விசில் பாவம், ஒரு சொல்லைத்தான் சொல்லும். மெதுவாகப் போ என்று சொல்லத் தெரியாது. கிளைப்பாதையில் திரும்பு என்றும் சொல்லாது. பாட்டரியும் தீர்ந்துகொண்டே இருந்தது. அதனால் நிறுவனம் சுவரில் இருந்த மின்சாரத்தைத் தேடிப் போனது. 1969-ல் 12 வோல்ட் ரயில் வந்தது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மின்சாரம் பாயும் இரண்டு உலோகக் கம்பிப் பாதைகள். இன்ஜினின் அடிப்பக்கம் அவற்றை உரசியபடி மின்சாரம் வாங்கிக்கொண்டது. வேகத்தை ட்ரான்ஸ்ஃபார்மரின் குமிழைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். கட்டளை இப்போது தண்டவாளத்தின் வழியே போனது. அந்த வழியில் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை 1980-ல் காட்டினார்கள்.

அந்த வருடம் நீலத் தண்டவாளம் சாம்பல் நிறமாக மாறியது. நிறத்தைவிடப் பெரிய விஷயம் மேசையின் ஓரத்தில் இருந்தது. ட்ரான்ஸ்ஃபார்மரின் பக்கத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகக்கூடிய சுவிட்ச் பலகைகள். ஒன்றைத் தட்டினால் தூரத்தில் கிளைப்பாதையின் பாயின்ட் மாறியது. இன்னொன்றைத் தட்டினால் பெட்டி கழன்றது. லெவல் கிராசிங்கின் கேட் இறங்கியது. சிக்னலைச் சிவப்பாக்கினால் அந்தத் துண்டுப் பாதையில் மட்டும் மின்சாரம் அறுபட்டு, வரும் ரயில் தானாக நின்றது. உண்மையான ஸ்டேஷன் மாஸ்டரின் அறை ஒரு பிள்ளையின் கைக்குள் வந்துவிட்டது. பொம்மை ரயில்களில் இதற்கு இணையான முழுமையை லெகோ அதன்பின் தொடவே இல்லை என்று சொல்லும் ரசிகர்கள் இன்றும் ஐரோப்பாவில் உண்டு. அவர்கள் பக்கம்தான் நானும். ஆனால் அந்தப் பொற்காலம் பதினோரு வருடம்தான் நீடித்தது.

இதற்கிடையில் கார்கள் வேறொரு பாதையில் வளர்ந்தன. 1977-ல் டெக்னிக் வரிசையின் முதல் பெட்டிகள் பல்சக்கரம், அச்சு, ஸ்டியரிங் என்று கிளம்பின. மோட்டாரையும் சேர்க்கலாம். ஆனால் பாட்டரிப் பெட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே வயர். வயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம்தான் சுதந்திரம். ரயிலுக்காவது தண்டவாளம் மின்சாரத்தைச் சுமந்து வந்தது. தரையில் ஓடும் காருக்கு யார் சுமப்பது?

ரயிலுக்கே அந்தப் பாதையில் சோதனை காத்திருந்தது. 1991-ல் 9 வோல்ட் முறை வந்தது. நடுவில் இருந்த கம்பிகள் போயின. சக்கரம் உருளும் தண்டவாளத்தின் மேலேயே உலோகத் தகடு. மோட்டாரின் சக்கரங்களே மின்சாரத்தை எடுத்துக்கொண்டன. பார்க்க நிஜ ரயில்பாதையைப்போல இருந்தது. ‘மெட்ரோலைனர்’ ரயில் அந்த வருடத்தின் அழகி. ஆனால் ஒவ்வொரு அழகுக்கும் ஒரு விலை. பாதையை வளைத்து வந்த வழியிலேயே இணைத்தால் இரு துருவங்களும் மோதி மின்சாரம் தடைபட்டது. ஒரே பாதையில் இரண்டு ரயில் விட்டால் இரண்டும் ஒன்றாகவே கிளம்பின, ஒன்றாகவே நின்றன. தூரத்திலிருந்து பாயின்ட் மாற்றும் வசதி புதிய முறையில் இல்லவே இல்லை. விரலால் தள்ள வேண்டும். ரசிகர்கள் தாங்களே மோட்டார் வைத்துப் பாயின்ட் மாற்றக் கற்றுக்கொண்டார்கள். நிறுவனம் செய்யாததை ரசிகர்கள் செய்யும் பழக்கம் அங்கே வேர்விட்டது. அது எவ்வளவு தேவைப்படப்போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

2002-ல் கார் முந்திக்கொண்டது. ரேடியோ அலையில் ஓடும் ரேஸ் பக்கி ஒன்று டெக்னிக் மேசையிலிருந்து குதித்து வீதியில் பாய்ந்தது. வயர் அறுந்தது. ஆனால் பில்லுண்டில் அப்போது வேறொன்று அறுந்துகொண்டிருந்தது. அடுத்த இரண்டு வருடங்களில் நிறுவனம் நஷ்டத்தில் மூழ்கி, திவாலின் விளிம்பில் நின்றது. 2004-ல் குடும்பத்துக்கு வெளியிலிருந்து யோர்கன் விக் நுட்ஸ்டார்ப் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். எதை வைப்பது, எதை வெட்டுவது என்று ஒவ்வொரு பொருளும் தராசில் ஏறியது. உலோகத் தகடு பதித்த தண்டவாளம் செய்யச் செலவு பிடிக்கும் சமாச்சாரம். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று ரயில் ரசிகர்கள் பயந்தது வீண்போகவில்லை.

2006-ல் வெறும் பிளாஸ்டிக் தண்டவாளத்தோடு புது ரயில் வந்தது. மின்சாரம் மறுபடி வண்டிக்குள் ஏறியது, பாட்டரியாக. கட்டளை மறுபடி காற்றில் வந்தது, இந்த முறை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாக. விசிலின் கனவு திரும்பிவிட்டது என்று கொண்டாடியிருக்கலாம். ரசிகர்களோ கொதித்தார்கள். பாட்டரியும் மோட்டாரும் ஒரே பெரிய அடித்தளத்தில் பிணைந்திருந்தன. அதன்மேல் எந்த இன்ஜினைக் கட்டினாலும் அடித்தளத்தின் அளவுக்கே கட்ட வேண்டும். கட்டை வைத்துக் கட்டும் பொம்மையின் உயிரையே அது பிடித்து நிறுத்தியது. 2007-ல் 9 வோல்ட் தயாரிப்பு முடிகிறது என்ற அறிவிப்பும் வந்தது. அதே வருடத்தில் ஒரு புல்டோசர் பெட்டிக்குள் விடையும் இருந்தது.

‘பவர் ஃபங்க்ஷன்ஸ்’ என்று பெயர். மோட்டார் தனி, பாட்டரிப் பெட்டி தனி, அகச்சிவப்பு ஒளியை வாங்கும் கண் தனி. வேண்டியதை வேண்டிய இடத்தில் பொருத்தலாம். கார், கிரேன், ரயில் எல்லாவற்றுக்கும் அதே துண்டுகள். நான்கு சேனல், சேனலுக்கு இரண்டு மோட்டார். ஒரே அறையில் எட்டு ரயிலைத் தனித்தனியாக ஓட்ட முடிந்தது. முதலில் வந்த ரிமோட் ஒரு தொல்லை: நெம்புகோலைப் பிடித்திருந்தால்தான் ஓடும், விட்டால் நிற்கும். புல்டோசருக்குச் சரி, ரயிலுக்கு ஆகாது. பின்னர் ரயிலுக்கென்றே சக்கரம்போல் திருகும் ரிமோட் வந்தது, முன்னும் பின்னும் ஏழேழு படி வேகத்தோடு. 2009-ல் வளர்ந்த ரசிகர்களின் யோசனையையும் கேட்டு உருவாக்கிய ‘எமரால்ட் நைட்’ நீராவி இன்ஜினுக்குள் மோட்டாருக்கு இடம் விட்டே வடிவமைத்திருந்தார்கள். எல்லாம் சரியாக அமைந்துவிட்டதுபோல் இருந்தது, ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்வரை.

ஒளி நேர்க்கோட்டில் போவது. சுரங்கத்துக்குள் நுழைந்த ரயிலுக்கு ரிமோட்டின் ஒளி தெரியாது. சோபாவின் பின்னால் போன கார் கட்டளை கேட்காது. வெயிலில் கொண்டுபோனால் சூரியனின் அகச்சிவப்பே அதை மூழ்கடித்தது. அப்போதுதான் நிறுவனம் செய்த ஒரு நல்ல காரியம் கைகொடுத்தது. ரிமோட் பேசும் மொழியை, டிவி ரிமோட்டைப்போல 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பில் எந்தக் குறி எதைச் சொல்கிறது என்பதை, ஆவணமாகவே வெளியிட்டிருந்தார்கள். அதைப் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆர்டுயினோ என்ற குட்டி மின்னணுப் பலகை வைத்து ரயில்களைக் கணினியிலிருந்து ஓட்டினார்கள். இன்னும் சிலர் ஒளியையே தூக்கி எறிந்தார்கள். 2014-ல் ஹங்கேரியைச் சேர்ந்த ஒரு குழு பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்டி, ப்ளூடூத்தில் இயங்கும் ‘எஸ்பிரிக்’ என்ற கட்டையைக் கொண்டுவந்தது. லெகோ மோட்டாரை அதில் சொருகினால் கைபேசியிலிருந்து ஓட்டலாம். பின்னாலேயே ஸ்லோவேனியாவிலிருந்து ‘புவிஸ்’ வந்தது, ரீசார்ஜ் பாட்டரியையும் உள்ளே அடக்கிக்கொண்டு. பில்லுண்டுக்கு வெளியே யாரோ பில்லுண்டின் அடுத்த படியை ஏறிவிட்டார்கள்.

நான்கு வருடம் கழித்து, 2018-ல், பில்லுண்டும் அங்கே வந்து சேர்ந்தது. அந்த வருடம் கடைகளுக்கு வந்த லெகோ ரயில் இதுதான்: ‘பவர்டு அப்’ முறை, வண்டிக்குள் ப்ளூடூத் பெட்டி, கையில் அடங்கும் ரிமோட், வேண்டுமானால் கைபேசி. சுரங்கத்துக்குள்ளும் கட்டளை கேட்கிறது. மறு வருடம் டெக்னிக் வரிசையில் வந்த லீப்ஹெர் எக்ஸ்கவேட்டரில் 4108 துண்டுகள், ஏழு மோட்டார்கள். ஓட்டுவது முழுக்கக் கைபேசிச் செயலி. ஆனால் சொருகும் முனையை மாற்றிவிட்டார்கள். பத்து வருடமாக வாங்கிச் சேர்த்த பவர் ஃபங்க்ஷன்ஸ் மோட்டார்கள் புதியதில் பொருந்தவில்லை. செயலி வழக்கொழிந்தால் எக்ஸ்கவேட்டர் என்ன ஆகும் என்ற கேள்வியும் எழுந்தது. நியாயமான கேள்வி. இந்த முறையும் ப்ளூடூத் பேசும் மொழியை நிறுவனம் வெளியிட்டது. ரசிகர்கள் அந்தப் பெட்டிக்குள் தங்கள் சொந்த மென்பொருளையே ஏற்றிவிட்டார்கள். ‘பைபிரிக்ஸ்’ என்ற அந்த மென்பொருள் ஏறிய ரயில், எழுதிக் கொடுத்த நிரலின்படி ஸ்டேஷனில் நின்று, நேரம் பார்த்துக் கிளம்புகிறது.

1966-ல் தொடங்கி இத்தனை மாற்றத்திலும் மாறாதது தண்டவாளத்தின் அகலம். நீலத் தண்டவாளத்துக் காலத்துப் பெட்டியை இன்றைய பாதையில் வைத்தால் உருளும்.

அதே 2018-ல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கான டியூப்ளோ வரிசையிலும் ஒரு ரயில் வந்தது. அதற்கும் செயலி இருந்தது, ஆனால் கட்டாயமில்லை. குழந்தை கையால் லேசாகத் தள்ளினால் மோட்டார் விழித்துக்கொண்டு ஓடும். பிடித்து நிறுத்தினால் நிற்கும். வண்டியின் அடியில் நிறத்தை உணரும் கண் இருக்கிறது. தண்டவாளத்தில் ஒரு வண்ணக் கட்டையைப் பொருத்தினால் நிற்கும், வேறு நிறம் வைத்தால் ஹாரன் அடிக்கும், இன்னொன்றைக் கண்டால் திரும்பி வந்த வழியே ஓடும். எங்கே நிற்க வேண்டும், எங்கே ஹாரன் அடிக்க வேண்டும் என்பதைக் குழந்தை கட்டை வைத்தே சொல்கிறது.