படக்கோப்பு வடிவங்களும் சுருக்கமும்

படத்தின் புள்ளிகளைக் கணினி எந்த ஒழுங்கில் எழுதிவைக்க வேண்டும் என்று சொல்லும் விதித்தொகுப்பே படக்கோப்பு வடிவம். அகலத்தில் 4000, உயரத்தில் 3000 புள்ளிகள் உள்ள வண்ணப்படத்தில் மொத்தம் 1.2 கோடிப் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால் சுமார் 36 எம்பி. இதைக் குறைக்க இருவழி உண்டு. இழப்பில்லாச் சுருக்கத்தை விரித்தால் ஒரு புள்ளியும் மாறாமல் மீண்டும் கிடைக்கும். இழப்புச் சுருக்கமோ, கண் கவனிக்காது என்று கருதும் நுணுக்கங்களைக் கழித்துவிடும், கழித்தது திரும்பாது. ஆவணமாக நிற்க வேண்டிய படத்தின் மூலப்பிரதிக்கு முதல்வழியே உரியது.

ஆல்டஸ் நிறுவனம் 1986-இல் டிஃப் வடிவத்தை வெளியிட்டது. மறு ஆண்டு கம்ப்யூசர்வ் 256 வண்ணங்களுக்குள் அடங்கும் ஜிஃப் வடிவத்தைக் கொண்டுவந்தது. அதிலிருந்த எல்.இசட்.டபிள்யூ. சுருக்கமுறைக்கு யூனிசிஸ் காப்புரிமை கோரியதால், கட்டணமில்லா மாற்றாக 1996-இல் பி.என்.ஜி. பிறந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, இழப்புச் சுருக்க வடிவமான ஜேபெக்கின் வேர் ஊன்றப்பட்டுவிட்டது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோர் 1974-இல் கொசைன் உருமாற்றம் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். 1992-இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் அதன்மேல் நிற்கிறது. ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் 64 அலைவெண் மதிப்புகளாக்கும். உயர் அலைவெண்களுக்குரிய மதிப்புகளைப் பெரிய எண்களால் வகுத்து முழு எண்ணாக்கும். இழப்பில் பெரும்பகுதி அந்த முழுமையாக்கத்தில்தான் நேர்கிறது. முகத்துக்கும் வானத்துக்கும் இது பொருந்தும். கூரிய கோட்டுக்குப் பொருந்தாது.

மதுரை மாவட்டத்து மேலூருக்கு அருகே மாங்குளத்துச் சமணக் குகைத்தளங்களில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் இதற்குத் தக்க சான்று. 1882-இல் ஆய்வாளர் ராபர்ட் சிவெல் கவனத்துக்கு வந்த இவற்றில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் உண்டு. கல்வெட்டியலாளர் ஐராவதம் மகாதேவன் இவற்றைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வைத்தார். இவ்வெழுத்துமுறையில் மெய்க்கு வலப்புறம் சிறுகோடு இருந்தால் அகரமோ ஆகாரமோ சேர்ந்த உயிர்மெய், இல்லையேல் தனிமெய். தேய்ந்த பாறையில் ஆழமின்றி நிற்கும் அந்தக் கோடு, சுருக்கம் முதலில் கழிக்கும் நுணுக்கங்களுள் ஒன்றாகிவிடக்கூடும். சுருக்கம் எழுத்தையே மாற்றிய நிகழ்வும் உண்டு: 2013-இல் சில ஜெராக்ஸ் கருவிகள் வருடிய பக்கங்களில் 6 என்ற இலக்கம் 8 ஆகியிருந்தது தெரியவந்தது. ஒத்த வடிவங்களை ஒன்றாகக் கொள்ளும் ஜேபிக் 2 சுருக்கமே காரணம்.

உயர்தர ஜேபெக்கில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதே என்பர். வெறுங்கண்ணால் பார்ப்பதற்கு அது சரி. ஆனால் கல்வெட்டு வாசிப்பவர் ஒளி-நிழல் வேறுபாட்டைக் கூட்டிப் பெரிதாக்கிப் பார்க்கிறார்; அப்போது கட்டங்களின் விளிம்புகள் பொய்க் கீறல்களாக எழக்கூடும். கரடுமுரடான பாறைப்படம் இழப்பின்றி அதிகம் சுருங்காது என்பதும் உண்மையே. எனினும் சுருக்காத நிலையிலேயே 1 டெராபைட் வட்டில் முன்சொன்ன 36 எம்பி படங்கள் 27,000-க்கு மேல் அடங்கும். ஒரு வட்டாரத்துக் கல்வெட்டுகளுக்கு அது தாராளம். மூலத்தை இழப்பில்லா டிஃப்பாக வைத்து, பகிரும் பிரதியை மட்டும் ஜேபெக்காக்குவதே முறை.