அரிகேசரி என்னும் பெயர்

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லையாறு பாயும் சின்னமனூருக்குக் கல்வெட்டுக்கள் வழங்கும் பழம்பெயர் அரிகேசரிநல்லூர் என்பது. ஆங்குக் கிடைத்த பெரிய செப்பேடு, பாண்டியர் மதுரையிற் சங்கம் நிறுவியதனையும் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதனையும் கூறும் பெருமையுடையது. அவ்வூர்ப்பெயரின் பொருளோ இன்று பலரும் எண்ணாதது.

‘அரி’ என்னுஞ் சொல் திருமாலையும் சிங்கத்தையும் பகைவனையும் குறிக்கும். கேசரி சிங்கமாதலின், ஈண்டு அரியையும் சிங்கமெனக் கொள்ளின் கூறியது கூறலாம். பகைவராகிய யானைகட்குச் சிங்கம் போல்வான் என்பதே பொருத்தமான பொருளாம்.

இப்பெயர் பூண்ட 7-ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் நெல்வேலிப் போரில் வென்றான் என வேள்விக்குடிச் செப்பேடு கூறும். சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் நின்றசீர் நெடுமாறரை நெல்வேலி வென்றவரென்றே போற்றினர். செப்பேடும் திருப்பாட்டும் ஒத்தலின் இருவரும் ஒருவரே என்பது வரலாற்றறிஞர் பலர் துணிபு. பின்வந்த பாண்டியரும் அப்பெயர் புனைந்தமையின், ஊர்ப்பெயர் நாயனார்பற்றியதே எனச் சாதித்தல் முறையன்று.

எனினும், பகைவென்ற அவ்வேந்தர் தம் வெப்புநோயை வெல்லமாட்டாது, ஆளுடைய பிள்ளையார் இட்ட திருநீற்றாலே உய்ந்தனர். புறப்பகைக்குச் சிங்கமாயினார்க்கும் அகப்பகையாகிய ஆணவத்தை அடக்குவது திருவருளே. பூலாநந்தீசுவரர் திருமுன் நின்று வழிபடும் அன்பர்கள் இப்பழம்பெயரையும் சிந்திப்பாராக. பெயர் வழக்கொழியினும் பொருள் ஒழியாது காத்தல் சைவர் கடனாம்.